கொக்கியில் தொங்கிய மார்கரெட்

1949ஆம் ஆண்டு ஜூன் 18, சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு, மைசூர் ரயில் நிலையத்தின் உதவி ஸ்டேஷன் மாஸ்டர் தேவநேசன் கண்ணம்பாடி நீர்த்தேக்கத்தின் கரையில் ஸ்பானர் பையோடு வந்து நின்றார். தாயகம் திரும்பிக்கொண்டிருந்த ஆங்கிலேய எஞ்சினியர் ஒருவரிடம் அவர் ஓர் இயந்திரம் வாங்கியிருந்தார். எட்டுக் குதிரைச் சக்தி, மண்ணெண்ணெயில் ஓடுவது. நஞ்சன்கூடு சாலையில் இருந்த தம் கொய்யாத் தோட்டத்துக் கிணற்றில் அதைப் பொருத்தித் தண்ணீர் இறைக்கலாம் என்பதுதான் எண்ணம். இயந்திரம் ஒரு படகுக்குள் இருக்கிறது என்று எஞ்சினியர் சொல்லித்தான் கொடுத்திருந்தார். படகு என்றால் ஆற்றைக் கடக்கும் ஓடம்போல இருக்கும், நாலு திருகாணியைக் கழற்றினால் வேலை முடிந்தது என்று தேவநேசன் நினைத்திருந்தார்.

ஆனால் அங்கே மிதந்துகொண்டிருந்தது வேறு. இருபத்து நாலடி நீளம், ஏழரை அடி அகலம். நடுவில் ஒற்றைப் பாய்மரம், அதில் சுருட்டிக் கட்டிய செங்காவி நிறப் பாய். குனிந்து உள்ளே போனால் நாலு பேர் உட்காரும் சிறிய அறை. காற்று அடித்தால் பாயில் போகும், காற்று விழுந்தால் இயந்திரத்தில் போகும். ஆங்கிலேயர்கள் மோட்டார்செய்லர் என்று சொல்லும் வகை. விலாவில் வெள்ளை எழுத்தில் ‘மார்கரெட்’ என்று எழுதியிருந்தது. இயந்திரத்தை வெளியே எடுக்க வேண்டுமானால் மேல்தளத்தை அறுத்தாக வேண்டும்.

அவர் ரம்பம் கேட்டு அலைந்துகொண்டிருந்தபோது, பக்கத்துப் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். தேவராஜ மொஹல்லாவில் ஜவுளிக்கடை வைத்திருந்த லிங்கப்பன். சொந்த ஊர் கொள்ளேகால்.

“ஏனுங்க, எதை அறுக்கப் போறீங்க?”

“இன்ஜினைக் கழட்டணும். கிணத்துக்கு.”

“அட சாமி! உசுரோட இருக்கறதைக் கூறு போடறேங்கறீங்களே!” லிங்கப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஒண்ணு பண்ணுங்க. ஒரே ஒரு சுத்து எங்கூட வாங்க. திரும்பி வந்து தாராளமா அறுங்க. நானே ரம்பம் தாரேன்.”

கரையை விட்டுக் கிளம்பியபோது மணி பத்து ஐம்பது. திரும்பி வந்தபோது ஒன்று இருபத்தைந்து. தேவநேசன் ஸ்பானர் பையை அவிழ்க்காமலேயே வீட்டுக்குப் போனார். கொய்யாத் தோட்டத்தில் பழையபடி மாடு கட்டித்தான் தண்ணீர் இறைத்தார்கள்.

அவர் மனைவி ஐவி, மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை, தெரு முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தாள். “கிணத்துக்கு இன்ஜின் வாங்கப் போன மனுஷன், மார்கரெட்டைச் சேத்துக்கிட்டு வந்து நிக்கறார்.”

முதல் ஆறு மாதம் ஐவி அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு ஞாயிறு கூடப் போனாள். அடுத்த ஞாயிறும் போனாள். ஓராண்டுக்குள் சுக்கான் பிடிப்பதில் கணவரை மிஞ்சிவிட்டாள். காற்று மாறுவதைத் தேவநேசன் பாய் படபடத்த பிறகுதான் கண்டுபிடிப்பார். ஐவிக்கு அது கன்னத்திலேயே தெரிந்துவிடும்.

அந்தக் காலத்தில் அங்கே பொழுதுபோக்குக்காகப் படகு விட்டவர்கள் ஐந்தே குடும்பங்கள். ஒரு கொட்டகை, ஒரு பதிவேடு, சங்கம் என்று ஒரு பெயர். செயலாளர் வால்டர், உயர்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். விசில் இல்லாமல் பேச வராது. ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து கிறிஸ்தவர்களும், பூஜை முடிந்து மற்றவர்களும் பதினோரு மணிக்குள் வந்து சேர்வார்கள். லிங்கப்பன் வீட்டுப் புளியோகரையும் ஐவியின் கட்லெட்டும் ஒரே இலையில் விழும். யாருடைய பாய் கிழிந்தாலும் நாலு பேர் ஊசி எடுப்பார்கள். ரயிலில் வந்து இறங்குகிறவர்களிடம் இருபது வருஷம் டிக்கெட்டை மட்டுமே பார்த்துப் பழகிய தேவநேசனுக்கு, ஞாயிறு தவறாமல் தம் முகத்தை எதிர்பார்த்து ஒரு கூட்டம் காத்திருந்தது புதுசு.

அந்தக் கூட்டத்துக்கு அவர் பதிலுக்குக் கொடுத்தது ஒரு பலகை.

ஒற்றை ரயில் பாதையில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு சமயத்தில் ஒரே ஒரு வண்டிதான் போகலாம். அதற்கு அத்தாட்சி ஓர் இரும்புப் பந்து. ஸ்டேஷன் மாஸ்டர் அதை டிரைவரிடம் கொடுத்தால்தான் வண்டி நகரும். அடுத்த ஸ்டேஷனில் டிரைவர் அதைத் திருப்பிக் கொடுத்து, அது அங்குள்ள டோக்கன் பெட்டிக்குள் விழுந்தால்தான் பாதை காலி என்று பொருள். யார் என்ன சொன்னாலும் பேச்சு செல்லாது, பந்துதான் சாட்சி. இதே ஏற்பாட்டை 1950 ஏப்ரல் 2 அன்று தேவநேசன் சங்கத்தில் கொண்டுவந்தார். கொட்டகையின் வெளிச்சுவரில் ஐந்து கொக்கிகள் வைத்த பலகை. படகின் பெயர் எழுதிய ஐந்து தேக்கு வில்லைகள். கிளம்பும் படகு தன் வில்லையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். திரும்பியதும் மாட்ட வேண்டும். கொட்டகைக் காவலாள் தொட்டையன் மாலை ஐந்தரைக்குப் பலகையைப் பார்ப்பார். ஐந்தும் இருந்தால் பூட்டிவிட்டுப் போகலாம். ஒரு கொக்கி காலியாக இருந்தாலும் மூன்று மீனவர்களைக் கூட்டிக்கொண்டு தேடக் கிளம்ப வேண்டும்.

ஒரு தடவை யாரோ வால்டரின் படகு திரும்பவில்லை என்று சொல்ல, தொட்டையன் பலகையைப் பார்க்காமல் இரண்டு மணி நேரம் துடுப்புப் போட்டுத் தேடினார். வால்டரோ வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தேவநேசன் அன்று தொட்டையனைக் கடிந்துகொண்டார். “தொட்டையா, வாயை நம்பாதே. வில்லையை நம்பு. நானே வந்து சொன்னாலும் நம்பாதே.”

“ஆகட்டும் சாமி,” என்றார் தொட்டையன். அவர் ஒன்றைப் பிடித்தால் விடுகிற ஆள் இல்லை.

1952 மே 11, ஞாயிற்றுக்கிழமை. கோடையில் தண்ணீர் வெகுவாக இறங்கியிருந்தது. முழுகிப்போன பழைய ஊர்களின் சுவர்கள் சில இடங்களில் தலைகாட்டின, சில இடங்களில் தண்ணீருக்கு ஒரு முழம் கீழே மறைந்து நின்றன. கரையோரம் ஆழம் போதாததால் மார்கரெட்டை வளைவுக்கு அப்பால்தான் கட்டுவார்கள். கொட்டகையிலிருந்து பார்த்தால் தெரியாது.

அன்று தேவநேசனுக்கு மாலை மூன்று மணி முதல் வேலை. ஸ்டேஷன் மாஸ்டர் குண்டலுபேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் பொறுப்பு முழுவதும் அவருடையது. படகில் அவரோடு ஐவி, அவள் தங்கை மோலி, லிங்கப்பன். லிங்கப்பனின் படகு பழுதில் கிடந்தது. மோலி ஆஸ்பத்திரியில் நர்ஸ்; மாதத்தில் கிடைக்கும் ஒரே ஞாயிறு விடுமுறை அன்றைக்குத்தான்.

“அக்கா, இன்னும் கொஞ்ச நேரம் சுத்தலாமே. அத்தான் போனாப் போறார்,” என்றாள் மோலி.

“போறதா? ரயில் ஓடலைன்னா ஊர் ஸ்தம்பிச்சிடும்மா,” என்று ஐவி கணவரைச் சீண்டினாள். “அவரைக் கரையில இறக்கிட்டு வருவோம். நாலு மணிக்குள்ள வந்துடறோங்க.”

ஒன்று நாற்பதுக்குப் படகு கொட்டகைக்கு எதிரே மூக்கை மட்டும் கரையில் தொட்டு நின்றது. தேவநேசன் தாவி இறங்கினார். படகு அவர் முதுகுக்குப் பின்னால் மறுபடி தண்ணீருக்குள் திரும்பியது. அவர் கொட்டகைப் பக்கம் நடந்து, பலகையைக் கடந்து, செருப்பை மாட்டிக்கொண்டு மைசூர் ஸ்டேஷனுக்கு விரைந்தார். நடந்தது இவ்வளவுதான் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

மாலை நாலு ஐந்துக்கு மேற்கே கறுத்தது. நாலு இருபதுக்கு மைசூரில் புழுதி சுழன்று, தூங்குமூஞ்சி மரக்கிளை ஒன்று பிளாட்பாரக் கூரைமேல் விழுந்தது. பிறகு ஆலங்கட்டியோடு மழை. மே மாதத்து மழைதானே, நாலு மணிக்குள் வருவதாகச் சொன்னவர்கள் வந்திருப்பார்கள் என்று தேவநேசன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். அப்படியே தாமதமானாலும் பலகை இருக்கிறது, தொட்டையன் இருக்கிறார். அவர் கவலைப்படவில்லை.

நாலு ஐம்பத்திரண்டுக்கு அரசிகெரேப் பக்கத்திலிருந்து கூட்ஸ் வண்டி வந்தது. டிரைவர் நனைந்த பிரம்பு வளையத்தை நீட்டினார். தேவநேசன் அதை வாங்கி, அதன் தோல் பையிலிருந்த இரும்புப் பந்தை எடுத்துக்கொண்டு பெட்டியை நோக்கி நடந்தார். பந்தைப் போடக் கையை உயர்த்தினார். கை பாதியில் நின்றுவிட்டது.

இன்று இன்னொரு தடவை இந்தக் கை இப்படி உயர்ந்திருக்கிறது. மதியம். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து மேலே மாட்டியிருக்கிறது. இருபத்து மூன்று வருஷமாக, ஓர் ஓட்டம் முடிந்து இறங்கியதும் அடையாளத்தை ஒப்படைத்துப் பழகிய கை. அவருடைய ஓட்டம் முடிந்துவிட்டது; கை ஒப்படைத்துவிட்டது. படகின் ஓட்டம் முடியவில்லை.

மார்கரெட்டின் வில்லை கொக்கியில் தொங்குகிறது. மார்கரெட் தண்ணீரில்.

அவர் சட்டைப் பையைத் தடவினார். பேனா இருந்தது. மறுபடி தடவினார். பந்தைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு டெலிபோனை எடுத்தார். அது வண்டிப் போக்குவரத்துக்கு மட்டும் உரியது. சொந்தப் பேச்சுக்கு அதை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. நீர்த்தேக்கக் கரையில் உள்ள சின்ன ஸ்டேஷனில் பொறுப்பிலிருந்த கெம்பையன் எடுத்தார். ஹனூர்க்காரர், நல்ல மனிதர்.

“கெம்பையா, தேவநேசன். வண்டி விஷயம் இல்லப்பா. அங்க மழை எப்படி?”

“மழைங்களா? கூரைத் தகடு ரெண்டு பறந்து வந்து தண்டவாளத்துல கெடக்குதுங்க சார். நானே மேசைக்கடியில உக்காந்து பேசறேன்.”

“எங்க படகு தண்ணில இருக்கு. என் சம்சாரம், மச்சினி, லிங்கப்பன் மூணு பேரும் அதுல. யாரையாவது கொட்டகைக்கு அனுப்பு. தொட்டையனைத் தேடப் போகச் சொல்லு. சீக்கிரம்.”

அங்கே தண்டவாளப் பாதை பார்க்கும் கருப்புசாமி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார். அந்தச் சின்ன ஸ்டேஷனிலிருந்து கொட்டகை ஒரு மைலுக்குச் சற்று மேல். தேவநேசனால் இருக்கையை விட்டு நகர முடியாது. அவர் போனால் இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிடும். எழுந்தார், உட்கார்ந்தார். சிம்னி விளக்கைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

ஐந்து நாற்பத்தொன்றுக்கு மணி அடித்தது.

“சார்,” என்றார் கெம்பையன். குரல் இறங்கியிருந்தது. “தொட்டையன் வரமாட்டேங்கறானாமுங்க.”

“என்ன?”

“போன மத்த மூணு படகும் மழைக்கு முன்னாடியே வந்து, எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்களாம். பலகையில அஞ்சும் இருக்குதாம், பூட்டிட்டு மழை விடட்டும்னு அங்கேயே நிக்கறானாம். வால்டர் வாத்தியாரும் பாத்துட்டு ‘எல்லாம் வந்தாச்சு’ன்னு விசில் அடிச்சுட்டுத்தான் போனாராம். கருப்புசாமி கையைப் புடிச்சு இழுத்திருக்கான். ‘வாயை நம்பாதே வில்லையை நம்புன்னு சாமியே சொல்லியிருக்கார், நீ யாருய்யா’ங்கறானாம். சார்? லைன்ல இருக்கீங்களா?”

தாம் கற்றுக்கொடுத்த பாடம் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் தம்மிடமே திரும்பி வந்திருந்தது.

“மார்கரெட் வில்லையை நான்தான் மாட்டினேன்,” என்றார்.

“ஏனுங்க மாட்டினீங்க?”

“தெரியல.”

தேவநேசன் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார்.

“கெம்பையா, கருப்புசாமியை மறுபடி ஓடச் சொல்லு. ஒரு வார்த்தை பேச வேணாம். தொட்டையனைப் பலகை முன்னால நிறுத்தி, அவன் பார்க்கறப்பவே மார்கரெட் வில்லையைக் கழட்டிச் சட்டைக்குள்ள போட்டுக்கணும்.”

“கழட்டினாப் போதுங்களா?”

“கொக்கி காலியா இருந்தா அவன் போவான்.”

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு நஞ்சன்கூடு வண்டி. ஆறு இருபதுக்குப் பெங்களூர் வண்டி. இரண்டையும் அவர் நேரத்துக்கு அனுப்பினார். பதிவேட்டில் எழுதிய எண்கள் ஒன்றும் தவறவில்லை. மறுநாள் பார்த்தபோது, அந்த எழுத்து தம்முடையதாகவே அவருக்குத் தெரியவில்லை. ஒரு பிரயாணி வந்து குடை தொலைந்துபோனதாகப் புகார் சொன்னான். தேவநேசன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் பயந்துபோய், “பரவாயில்ல ஸ்வாமி,” என்று நகர்ந்துவிட்டான்.

ஏழு பன்னிரண்டுக்கு மணி அடித்தது. அவர் இரண்டாவது மணிக்கும் எடுக்கவில்லை. மூன்றாவதில் எடுத்தார்.

“மூணு பேரும் இருக்காங்க சார்.”

“இருக்காங்கன்னா?”

“உசுரோடதானுங்க! லிங்கப்பனுக்கு மட்டும் காலு ஒடஞ்சிருக்குது. உங்க வூட்டம்மா என் சம்சாரத்தோட சீலையைக் கட்டிக்கிட்டு இங்கதான் உக்காந்து காப்பி குடிக்கறாங்க. அடுத்த வண்டியில ஏத்தி விடறனுங்க.”

எட்டு இருபதுக்கு அந்த வண்டி வந்தது. தேவநேசன் முதலில் டிரைவரிடம் வளையத்தை வாங்கி, பந்தைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். பிறகுதான் திரும்பினார். மூன்றாவது பெட்டியின் கதவருகே ஐவி நின்றிருந்தாள். கெம்பையன் மனைவி மாதேவியின் பச்சைக் கட்டம் போட்ட சேலை கணுக்காலுக்கு மேலேயே நின்றது. மோலி லிங்கப்பனுக்குத் தோள் கொடுத்திருந்தாள். அவர் காலில் துடுப்பின் உடைந்த பாதியை வைத்துத் துணியால் கட்டியிருந்தாள்.

மழை பிடித்துக்கொண்டதும் இயந்திரத்துக்குள் தண்ணீர் புகுந்து நின்றுவிட்டது, பாய் கிழிந்தது, காற்று படகைத் தள்ளிக்கொண்டு போய்த் தண்ணீருக்குள் இருந்த ஒரு சுவரில் மோதவிட்டது. அருகே ஒரு பழைய மண்டபத்தின் உச்சி மூன்று முழம் வெளியே தெரிந்தது. அதில் ஏறி உட்கார்ந்தார்கள். லிங்கப்பனின் கால் படகுக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது அப்போதுதான். இதையெல்லாம் மோலி மூச்சு விடாமல் சொன்னாள்.

“ஆனா நான் பயப்படவே இல்லைங்க,” என்றாள் ஐவி. “மோலிதான் அழுதா. நான் சொன்னேன், ‘அழாதேடி, கொக்கி காலியா இருக்கும். அஞ்சரைக்குத் தொட்டையன் பார்ப்பான், ஆறுக்குள்ள வந்துடுவான். உங்கத்தான் போட்ட ஏற்பாடு தப்பாது’ன்னேன். என்னவோ ஆறு முப்பத்திரண்டு ஆயிடுச்சு. இன்னும் கால் மணி போயிருந்தா இருட்டுல எங்களைப் பார்த்தே இருக்க முடியாது. ஏன் இவ்வளவு லேட்டு?”

இரண்டு மணி நேரம் கல்லின்மேல் நனைந்தபடி அவள் நம்பியிருந்தது எதை என்று தேவநேசனுக்கு இப்போது தெரிந்தது.

“கொக்கி காலியா இல்லை ஐவி. இறங்கினப்போ நான் வில்லையை மாட்டிட்டேன்.”

“அத்தான், நீங்களா?” என்றாள் மோலி.

ஐவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். செவ்வாய்க்கிழமை மாலை ஆறு நாற்பது வரை அவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அப்போதும் சொன்னது இவ்வளவுதான்: “ஒரு நாளைக்கு எத்தனை வண்டி அனுப்பறீங்க. வீட்டு ஆளை எண்ணத் தெரியலையே.”

மே 18 அன்று சங்கக் கூட்டத்தில் தேவநேசன் எழுந்து, நடந்ததைத் தேதி, மணி, நிமிடத்தோடு சொன்னார். சங்கத்தை விட்டு விலகுவதாகவும் படகை விற்றுவிடுவதாகவும் சொன்னார். வால்டர் அன்று விசிலை எடுக்கவே இல்லை. “நானும்தான் பலகையைப் பார்த்தேன், தண்ணியைப் பார்க்கலை. அப்போ நானும் விலகணுமே,” என்றார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து லிங்கப்பன் ஆள் விட்டிருந்தார்: விலகுகிறவர் முதலில் வந்து தம் காலைத் தூக்கிப் பிடிக்கட்டும், நர்சம்மாவுக்குக் கை வலிக்கிறது என்று. தொட்டையன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று முதல் அவர் பலகையைப் பார்த்த பிறகும் வளைவு வரை நடந்து போய்ப் படகுகளைத் தொட்டு எண்ணிவிட்டுத்தான் பூட்டினார். யாரும் அவருக்கு அப்படிச் சொல்லவில்லை.

மார்கரெட்டின் அடிப்பலகையை மாற்ற ஏழு வாரம் ஆயிற்று. விற்பதற்காகத்தான் மராமத்து என்று தேவநேசன் நினைத்திருந்தார். ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை காலை ஐவி கட்லெட் பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றாள்.

“எங்கே?”

“எங்கேன்னா? படகுக்கு.”

“மறுபடியுமா? அந்தத் தண்ணிக்கா?”

“தண்ணி என்ன பண்ணிச்சு? மோலி வரமாட்டேனுட்டா. வால்டர் சம்சாரம் வர்றாங்க. உங்களுக்குப் பயமா இருந்தா வீட்டுல இருங்க.”

அவர் கூடப் போனார். படகில் ஏறவில்லை; அவள் ஏறச் சொல்லவும் இல்லை. பதினொன்று ஐந்துக்கு மார்கரெட் கிளம்பியது. நீர்த்தேக்கம் நிறைந்து, பழைய சுவர்கள் எல்லாம் ஆழத்துக்குப் போயிருந்தன. புதுப் பாய் வெள்ளையாக இருந்ததால் வெகு தூரம் வரை தெரிந்தது. பிறகு தெரியவில்லை. தொட்டையன் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டு, “உக்காருங்க சாமி,” என்றார். தேவநேசன் உட்காரவில்லை. பலகைப் பக்கமும் திரும்பவில்லை. இரண்டு ஐம்பதுக்கு மார்கரெட் கரையைத் தொட்டு, ஐவி இறங்கி, அவரைத் தாண்டிப் போய்க் கால் கழுவத் தொடங்கும் வரை தண்ணீரைப் பார்த்தபடியே நின்றார்.